ஓசூர் ஏரிப் பறவைகளுக்கு ஒரு கேமரா

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் வரும்னு 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவிச்சார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது கெலவரப்பள்ளி அணையும் சுத்தியிருக்கிற ஏரிகளும்தான். தண்ணி இருந்தா பறவை இருக்கும்.

பறவை மோதுறது சின்ன விஷயமில்லை. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி, ரெண்டு எஞ்சினும் செயலிழந்த விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்குச்சு. நல்லவேளை, 155 பேரும் பிழைச்சாங்க. 2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவானில் பறவை மோதிய விமானம் சக்கரம் இல்லாமலே தரையிறங்கி, ஓடுபாதையைத் தாண்டி மேட்டில் இடிச்சதில் 179 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் எல்லா விமான நிலையங்களிலும் தெர்மல் கேமராவும் பறவை ரேடாரும் வைப்போம்னு அந்த அரசு அறிவிச்சது.

கேமரா எப்படி உதவும்? நம்ம ரெண்டு கண்ணு மாதிரி, தள்ளித்தள்ளி வச்ச ரெண்டு கேமரா சேர்ந்து தூரத்தைக் கணக்கிடும். வர்றது பறவையா, ட்ரோனா என்பதை மென்பொருள் பிரிச்சுச் சொல்லும். இருட்டில் தெர்மல் கேமரா உடல் சூட்டை வச்சுக் கண்டுபிடிக்கும். உடனே ஊழியர்கள் வெடிச்சத்தத்தில் பறவையை விரட்டலாம், விமானத்தைக் கொஞ்சம் காக்க வைக்கலாம்.

ஆனா கேமரா பறவையைக் காட்டும், வரவிடாம தடுக்காது. இறைச்சிக் கழிவு கிடந்தா பருந்து வரத்தான் செய்யும். அதனாலதான் விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கிற மாதிரி குப்பை கொட்டக் கூடாதுன்னு நம்ம நாட்டு விதியே இருக்கு.

குப்பையை மாத்தலாம், ஏரியை நகர்த்த முடியாது. அதனால என் ஆசை இதுதான்: ஓடுபாதைக்குக் கோடு போடுறதுக்கு முன்னாடியே, ஒரு வருஷம் அந்தக் கேமராவை ஏரிக்கரையில் வைங்க. பறவைகளோட பாதை தெரிஞ்ச பிறகு, விமானத்தோட பாதையை முடிவு பண்ணலாம்.