வெளியடுப்பு மூட்டப் போறீங்களா? முதல்ல ஒரு குடம் தண்ணீர்!

விருத்தாசலத்திலிருந்து உங்களில் ஒருத்தி எழுதுவது.

தைப்பொங்கல், மாசி மகம், ஆடி வெள்ளி, குலதெய்வக் கோயில், பிள்ளைகளுக்கு மொட்டை, காதுகுத்து என்று வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது நாம வெட்டவெளியில் அடுப்பு மூட்டுகிறோம். எங்க ஊருக்குப் பக்கத்திலேயே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. பிராது எழுதிக் கட்டுவதற்கும், வேண்டுதலை முடிப்பதற்கும் வெளியூரிலிருந்து வேன் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இப்போது அது போதாதென்று, மொட்டை மாடியில் கோழி சுடுவதற்குப் பிள்ளைகள் 'பார்பிக்யூ' அடுப்பு வேறு வாங்கி வருகிறார்கள். பேர்தான் புதுசு. கரி நெருப்பில் சுட்டுத் தின்பது நம்ம பாட்டி காலத்து வேலைதானே!

இதற்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சாமான் வாங்க வேண்டியதில்லை. அடுப்பை எங்கே போடுகிறோம், எதை எரிக்கிறோம், கடைசியில் எப்படி அணைக்கிறோம் என்ற மூன்றும் சரியாக இருந்தால் போதும். அனுபவத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இடமும் காற்றும்

கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், சருகு, வேன், துணிப் பந்தல் இவற்றிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளித்தான் அடுப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துச் சமையல் நெருப்பு கீற்றுக் கூரையில் பிடித்து 94 குழந்தைகள் போனதை எந்தத் தாயால் மறக்க முடியும்? 'கொஞ்ச நேரம்தானே, நிழலா இருக்கே' என்று கொட்டகை ஓரத்தில் அடுப்பு போடாதீர்கள். வெயில் பட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது காற்று. அடுப்பின் வாய் காற்று வருகிற பக்கம் பார்க்க வேண்டும். நாமும் அந்தப் பக்கமே உட்கார்ந்தால் புகை நம்மை விட்டு விலகிப் போகும். ஆடியில் எங்க பக்கம் மேல்காற்று, அதனால் மேற்குப் பார்த்த வாய். தையில் வாடைக்காற்று என்பதால் கிழக்குப் பார்த்து வைக்கிற பொங்கல் அடுப்பு தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது. காற்று ரொம்ப வேகமாக இருந்தால் வாயின் பாதியை ஒரு செங்கல்லால் மறைத்து விடுங்கள். விறகும் மிச்சமாகும்.

அடுப்புக்குச் செங்கல்தான் நல்லது. ஆற்றிலோ குட்டையிலோ நனைந்து கிடந்த கல்லை எடுத்து வைக்காதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் கல் வெடித்துச் சில்லு தெறிக்கும். சிமெண்ட் கல்லும் அப்படித்தான்.

திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லட்சக்கணக்கான பெண்கள் ரோடு முழுக்க உட்கார்ந்து பொங்கல் வைக்கிறார்கள். 2009-ல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அவ்வளவு பேருக்கும் சாமான் என்ன தெரியுமா? ஆளுக்குச் சில செங்கல், ஒரு மண்பானை, கொஞ்சம் தென்னை மட்டை. முடிந்த பிறகு அந்தச் செங்கல்லை மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறார்களாம். நல்ல காரியம்.

பீங்கான் வேறு, மண்பானை வேறு

எங்க ஊர் என்றாலே பீங்கான்தான். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழிலைப் படிக்க அரசு நிறுவனமும் இருக்கிறது. பியூஸ் கேரியர், கப், பொம்மை, அகல் விளக்கு என்று செய்கிறார்கள். அதனால் வெளியூர் உறவுக்காரங்க என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "பீங்கான் சட்டியை விறகடுப்பில் வைக்கலாமா?" என்பதுதான்.

கூடாது என்பதுதான் பதில். "1,200 டிகிரிக்கு மேலே சூளையில் வெந்த சாமான், சாதாரண விறகு நெருப்பைத் தாங்காதா?" என்று கேட்கலாம். சூளையில் சூடு மணிக்கணக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறுகிறது. இறங்குவதும் அப்படித்தான். அடுப்பிலோ அடி மட்டும் கொதிக்க, விளிம்பு சில்லென்று இருக்கும். அடி விரியும், மேல் விரியாது. கண்ணாடி மாதிரி இறுகிப்போன பீங்கானுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது, பட்டென்று விரிந்துவிடும். மண்சட்டி குறைந்த சூட்டில் வெந்தது. உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளை. அதனால்தான் நெருப்பைத் தாங்குகிறது. பீங்கானில் பரிமாறுங்கள், மண்ணில் சமையுங்கள்.

புதுப் பானையை முதல் நாள் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, சிறு தீயில் கொதிக்க வைத்து, ஆற விட்டுக் கொட்டுங்கள். இரண்டு நாள் இப்படிச் செய்தால் மண்வாசனை போகும், பானையும் பழகும். சூடான பானையில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். மண்பானையே ஆனாலும் விரிந்துவிடும்.

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் வைப்பதானால் அடியிலும் பக்கத்திலும் சாம்பலையோ களிமண்ணையோ குழைத்து மெல்லப் பூசி விடுங்கள். கரி அந்தப் பூச்சின் மேலேதான் பிடிக்கும். கழுவும்போது மண்ணோடு வந்துவிடும், கை நோகத் தேய்க்க வேண்டாம்.

எதை எரிக்கலாம்?

காய்ந்த சவுக்கு, வேலிகருவை நன்றாக நின்று எரியும். பற்ற வைக்கத் தென்னம்பாளை, பனை ஓலை, தேங்காய் நார், ஒரு துண்டு சூடம் போதும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் பை, சைக்கிள் டியூப் எதையும் அடுப்பில் போடாதீர்கள். அந்தப் புகை சோற்றிலும் இறங்கும், நம் நெஞ்சிலும் இறங்கும்.

அரளிக் குச்சியை மறந்தும் தொடாதீர்கள். கோயில் பக்கம் நிறைய கிடக்கும், நேராக அழகாக இருக்கும். ஆனால் அது முழுக்க விஷம். எரிக்கவும் கூடாது, கறி குத்திச் சுடவும் கூடாது. கறி குத்த எவர்சில்வர் கம்பி அல்லது அரை மணி நேரம் தண்ணீரில் ஊறின மூங்கில் குச்சி போதும்.

எரிகிற நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். தீ நூல் பிடித்த மாதிரி ஏறிக் கையில் இருக்கிற கேனுக்கே வந்துவிடும்.

சுட்டுச் சாப்பிட

கரியைப் பற்ற வைத்ததும் கறியைப் போடக் கூடாது. இருபது, முப்பது நிமிஷம் பொறுத்தால் கரி மேல் வெள்ளையாகச் சாம்பல் பூக்கும். அப்போதுதான் பதம். ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் சூடு அதிகம், வெளியே கருகி உள்ளே வேகாது. நாலைந்து எண்ண முடிந்தால் கோழிக்குச் சரி. எட்டு, பத்து எண்ண முடிந்தால் மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

கத்திரிக்காய்க்கு அங்கங்கே கத்தியால் குத்தி, நல்லெண்ணெய் தடவிச் சுடுங்கள். தோலை உரித்துப் புளி, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்தால் கொத்சு தயார்.

கோழிக்கு மசாலா தடவி ஐஸ் பெட்டியில்தான் எடுத்துப் போக வேண்டும். நம்ம வெயிலில் பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தாலே கெடுதல். தொடையில் எலும்பு வரை கீறிப் பாருங்கள். உள்ளே ரோஸ் நிறம் துளிகூட இருக்கக் கூடாது, வழிகிற நீர் தெளிவாக இருக்க வேண்டும். பச்சைக் கறி வைத்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைக்காதீர்கள். அந்த மசாலாவையும் மேலே ஊற்றாதீர்கள்.

சுடுவதற்குப் பழைய பிரிட்ஜ் கம்பித் தட்டையும், நாகம் பூசின ஜி.ஐ. கம்பி வலையையும் சிலர் எடுக்கிறார்கள். அந்தப் பூச்சு சூட்டில் நல்லதல்ல. இரும்புக் கம்பியோ எவர்சில்வரோ வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்க பக்கம் முந்திரி விளைகிற பூமி. எங்க ஊர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 'வி.ஆர்.ஐ.' என்ற பெயரில் முந்திரிக்கும் வேர்க்கடலைக்கும் ரகங்கள் விட்டிருக்கிறது. பச்சை முந்திரிக்கொட்டை கிடைத்ததும் பிள்ளைகள் நெருப்பில் போட்டு விளையாடும். அதன் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், குப்பென்று தீப்பிடிக்கும், புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். என் மாமியார் சமையல் அடுப்பில் அதைச் செய்யவே விட மாட்டார்கள். தனியாக, தள்ளி, ஓட்டை போட்ட பழைய சட்டியில் போட்டு நீளக் குச்சியால் கிளறுவார்கள். எரிந்ததும் தரையில் கொட்டிச் சாம்பலால் மூடி, நன்றாக ஆறின பிறகு கையில் சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். குழந்தைகளைப் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள்.

உடுப்பும் ஆபத்தும்

விசேஷம் என்று பளபளக்கும் சிந்தெடிக் புடவையோடு அடுப்படியில் நிற்காதீர்கள். அது எரியும்போது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திப் புடவை கட்டி, முந்தானையை இழுத்துச் சொருகி, பின்னலை முடிந்துகொள்ளுங்கள். பட்டுப்புடவையைச் சாமி கும்பிடும்போது மாற்றிக்கொண்டால் போச்சு.

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் இன்னும் எரியும். உடனே படுத்துப் புரள வேண்டும். சுட்ட இடத்தில் இருபது நிமிஷம் சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் ஓட விடுங்கள். மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். பெரிய காயம் என்றால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

மழை வந்தாலோ குளிர் அடித்தாலோ கரி அடுப்பை அறைக்குள் தூக்கி வருகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குப் போன இளைஞர்கள், கோழி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியதில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். புகையே வராத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். ஜன்னல் திறந்திருந்தாலும் கரி அடுப்பு வீட்டுக்குள் வேண்டாம்.

மண் போட்டு மூடுவது அணைப்பது ஆகாது

இதைச் சொல்லத்தான் முக்கியமாகப் பேனாவை எடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் நிறையப் பேர் அடுப்பு மேல் காலால் மண்ணைத் தள்ளிவிட்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். கண்ணுக்கு நெருப்பு தெரியாது. மண்ணுக்கடியில் தணல் மணிக்கணக்காக உயிரோடு இருக்கும். கோயில் திடலோ எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிற இடம்.

எங்க நாத்தனார் மகளுக்கு அப்போது ஆறு வயசு. ஒரு கோயில் திடலில் காலையில் யாரோ சமைத்துவிட்டு மண் மூடிப் போன இடத்தில், மத்தியானம் ஓடி விளையாடும்போது காலை வைத்துவிட்டாள். இரண்டு பாதமும் வெந்து, ஒரு மாசம் அவளைத் தூக்கிக்கொண்டேதான் திரிந்தோம். ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் அந்தக் குழந்தை அழுத அழுகை இன்னும் காதிலேயே இருக்கிறது. சமைத்துவிட்டுப் போனவர்கள் யார் என்று தெரியாது. கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அணைந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதனால் அணைக்கிற முறை இதுதான். எரியாத விறகைத் தனியே இழுத்துத் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தணல் மேல், ஓரத்தில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஆவி முகத்தில் அடிக்கும். குச்சியால் கிளறி மறுபடி ஊற்றுங்கள். 'உஸ்' சத்தம் நின்று, புறங்கையைக் கிட்டே காட்டினால் சூடு தெரியாமல் இருக்க வேண்டும். பிறகு செங்கல்லைக் குவித்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். செங்கல்லும் ரொம்ப நேரம் சுடும் என்பதால் அதற்கும் தண்ணீர் ஊற்றுங்கள்.

இதற்கென்று ஒரு குடம் தண்ணீர் தனியாக, யாரும் குடிக்கவோ கை கழுவவோ எடுக்காதபடி வைக்க வேண்டும். சமையலுக்குத் தண்ணீர் பிடிக்கும் முன்னாலேயே அதைப் பிடித்து வைத்துவிடுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் அனுப்பப்பட்டியில் கரும்பாறை முத்தையா கோயில் திருவிழாவில் ஆண்கள் மட்டுமே கூடிக் கிடா வெட்டி, அவர்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆக உங்களுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது என்று சொல்ல முடியாது! விடிகாலையிலிருந்து புகையில் கண் எரிய நின்ற பெண்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில், அணைக்கிற வேலையையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எங்க வீட்டில் இப்போது அது என் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் கிளறிப் பார்த்துச் 'சரி' என்று சொன்ன பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பார்.

அடுத்த தடவை குலதெய்வத்துக்குப் போகும்போது பூ, பழம், சூடம், தேங்காய் என்று எழுதுகிற பட்டியலில், 'அணைக்க ஒரு குடம் தண்ணீர்' என்று முதல் வரியில் எழுதுங்கள் தோழிகளே. யார் வீட்டுக் குழந்தையோ நிம்மதியாக ஓடி விளையாடும்.

– ஓர் இல்லத்தரசி, விருத்தாசலம்.