முகத்திற் படரும் மங்கு

கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் கபில நிறத் திட்டுகள் படர்வதுண்டு. இதனை மங்கு என்பர்; மருத்துவர் மெலாஸ்மா என வழங்குவர். இது தொற்றுநோயன்று, புற்றுநோயுமன்று, நோவு தருவதுமன்று. சோதிடர் கூறும் மங்கு சனிக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும், இது தரும் மனத்துயர் சிறிதன்று. நன்மை தீமைகளுக்குப் போகவும் கூசி, வீட்டினுள் ஒதுங்கும் பெண்களும் உளர். துயர் மிகும்போது அவசரம் பிறக்கின்றது. மங்கினால் விளையாத கேடு அந்த அவசரத்தினால் விளைகின்றது.

தோலின் மேற்படையில் மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் கலங்கள் உள்ளன. வெயிலின் ஊதா கடந்த கதிர்களிலிருந்து தோலைக் குடைபோல நின்று காப்பது இப்பொருளே. ஆகவே, மெலனின் பகையன்று, காவலன். சிலரிடத்தில் இக்கலங்கள் எளிதிற் கிளர்ந்து, நிறப்பொருளை அளவுக்கு மிஞ்சி ஆக்கிவிடுகின்றன. பரம்பரை இயல்பும் வெயிலும் இதற்குக் காரணமாகும். கர்ப்ப காலத்தில் மிகும் ஓமோன்களும், சிலருக்குக் கருத்தடை மாத்திரைகளும் இதனைத் தூண்டும். ஆண்களுக்கும் மங்கு வருமாயினும், பெண்களிடம் மிகுதியாய்க் காணப்படுவது இதனாலேயே. கர்ப்பத்தில் தோன்றிய மங்கு, மகப்பேற்றின் பின் சில மாதங்களில் தானே மறைவதும் உண்டு.

விரைவில் முகத்தை வெளுக்கச் செய்வதாக விற்கப்படும் களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருக்கின்றது. அது மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் முகம் வெளுப்பது உண்மையே. ஆனால், அது தோலினூடே உட்சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பழுதாக்கும். கருவிலுள்ள சிசுவையும் தாக்கும். இதனாலேயே 2013 இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் பாதரசமுள்ள அழகுப்பொருள்களை 2020 உடன் ஒழிக்க விதித்தது. வேறு சில களிம்புகளில் ஸ்டீரோயிட் மருந்து மறைந்திருக்கும். அது தோலை மெலியச் செய்யும். நிறுத்தியதும் கருமை முன்னிலும் மிகலாம். தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலிற் செல்வதும் தோலைப் புண்ணாக்கிக் கறுக்கச் செய்யும்.

அவ்வாறாயின், செய்யத்தக்கது யாது? முதலாவது, வெயிலைத் தடுத்தல். முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை குடையோ அகன்ற தொப்பியோ இன்றி வெளியே செல்லலாகாது. காப்பெண் 30 இற்குக் குறையாத வெயிற்காப்புக் களிம்பைப் பூசி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் மங்கை மிகுவிப்பதால், இரும்பு ஒட்சைட்டு சேர்ந்த நிறமுள்ள களிம்பு மேலும் நன்று.

இரண்டாவது, தோல் வைத்தியரை நாடுதல். ஐதரோகுயினோன், அசெலயிக் அமிலம் போன்ற மருந்துகள் பயன் தருவன. ஆயினும், ஐதரோகுயினோனை நெடுங்காலம் பூசினால் நீலக் கருமை நிலைத்துவிடக்கூடும். கர்ப்பிணிகள் அதனைத் தவிர்த்தல் வேண்டும். முகத்திலுள்ள கரும்புள்ளி வடிவம் மாறி வளர்ந்தாலும், குருதி கசிந்தாலும் அது மங்கன்று. தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, பொறுமை. மங்கு மெல்ல வந்தது, மெல்லவே குறையும். பலன் தெரியச் சில மாதங்கள் செல்லும். வெயிற்காப்பைக் கைவிட்டால் மீண்டும் தோன்றும். வீட்டிலுள்ளோரும், "முகம் ஏன் இப்படிக் கறுத்தது?" என நாளும் வினவுவதை நிறுத்துவாராயின், விலைபேசி வரும் வெளுப்புக் களிம்புகளுக்கு அவ்வீட்டில் வேலையிராது.