பெருங்குடலுக்கு மருந்தைக் கொண்டு சேர்க்கும் இயற்கைப் பலபடிகள்

முன்னுரை

வாய்வழி உட்கொள்ளப்படும் மருந்துகள் பலவும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுக் குருதியில் கலந்துவிடுகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் புண்களை உண்டாக்கும் அழற்சி நோய்க்கு மருந்தளிக்கும்போது இவ்வியல்பே தடையாகிறது. புண்ணுள்ள இடத்தை மருந்து குறைவாகவே சென்றடைகிறது. குருதியில் கலந்த மருந்தோ பிற உறுப்புகளில் பக்க விளைவுகளைத் தோற்றுவிக்கக்கூடும். இக்குறையை நீக்குவதில் இயற்கைப் பலபடிகள் ஆற்றும் பணியையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது. சிறு மூலக்கூறுகள் பல சங்கிலிபோல் இணைந்து உருவாகும் பெருமூலக்கூறே பலபடியாகும்.

செயற்படும் முறை

கொத்தவரை விதையிலிருந்து பெறப்படும் குவார் பசை, பழத்தோல்களிலுள்ள பெக்டின் ஆகியன சர்க்கரை வகை அலகுகளால் ஆனவை. இவற்றின் பிணைப்புகளை உடைக்கும் நொதிகள் மனித உடலில் சுரப்பதில்லை. ஆதலின் இவை இரைப்பையையும் சிறுகுடலையும் செரிக்காமலே கடக்கின்றன. பெருங்குடலிலோ ஒரு கிராம் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ 10,000 கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றின் நொதிகள் பலபடியைச் சிதைக்க, உள்ளிருக்கும் மருந்து வெளிப்படுகிறது.

பலபடிகளைச் செம்மைப்படுத்தல்

செரியாமை மட்டும் போதாது. வழியிலேயே மருந்து கசியாமலும் இருத்தல் வேண்டும். குவார் பசை நீரில் உப்பிக் கூழ்போன்ற படலமாகிக் கசிவைத் தாமதப்படுத்துகிறது. பெக்டின் நீரில் கரையுமாதலின் கால்சியம் அயனிகளால் அதன் சங்கிலிகளைப் பிணைத்துக் கரைதிறனைக் குறைப்பர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து உருவாக்கப்படும் கைட்டோசான் அமிலத்தில் கரைவதால் அதற்கு அமிலம் தாங்கும் மேற்பூச்சு தேவைப்படுகிறது. பிணைப்பு அளவுக்கு மிஞ்சினாலோ பாக்டீரியாக்களாலும் அதனைச் சிதைக்க இயலாது. மருந்து பயன்படாமலே கழிந்துவிடும்.

பாக்டீரியாக்களின் பங்கு

இந்தோமெத்தசின் மருந்தைக் குவார் பசையில் பொதிந்த மாத்திரைகள் பற்றிய ஆந்திரப் பல்கலைக்கழக ஆய்வொன்று 1998-இல் வெளிவந்தது. எலிகளின் பெருங்குடல் தொடக்கப் பகுதியின் உள்ளடக்கத்தில் இம்மாத்திரைகள் சோதிக்கப்பட்டன. முன்னரே சில நாள்கள் குவார் பசை ஊட்டப்பெற்ற எலிகளின் உள்ளடக்கத்தில் மருந்து கூடுதலாக வெளிப்பட்டது. மருந்தை விடுவிக்கும் ஆற்றல் மாத்திரையின் அமைப்பில் மட்டுமன்றி, உட்கொள்ளும் உயிரின் குடலிலும் உள்ளது என்பதை இது புலப்படுத்துகிறது. எனவே நுண்ணுயிர்க்கொல்லி உட்கொள்வோரிடத்தும், நோயால் குடல் பாக்டீரியாக்களின் சமநிலை மாறியோரிடத்தும் ஒரே மாத்திரை வெவ்வேறு அளவில் பயன் தரக்கூடும்.

முடிவுரை

இயற்கைப் பலபடி, மருந்தைக் காக்கும் பூட்டு எனில், அதன் திறவுகோல் நோயாளியின் குடல் பாக்டீரியாக்களிடமே உள்ளது. பூட்டின் உறுதியை மட்டும் ஆராய்வது நிறைவான ஆய்வாகாது. மருந்து யாருக்குத் தேவையோ அந்நோயாளியின் உணவு, நோய்நிலை, உடன் உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் கருத்திற் கொள்ளும்போதே இம்முறை முழுப் பயன் தரும்.