கிட்டார் எடுத்த வேலையில்லாப் பட்டாளம்

'பங்க் ராக்' என்று சொன்னதுமே எங்கள் ஹாஸ்டலில் வந்த முதல் கேள்வி, "எந்த பங்க்டா, பெட்ரோல் பங்க்கா?" என்பதுதான். இல்லை நண்பர்களே! இது பெட்ரோல் இல்லாமலே பற்றிக்கொண்ட சமாச்சாரம். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய ஒரு பாட்டு வகை. வேகமாக, சத்தமாக, சுருக்கமாகப் பாடிவிட்டுப் போய்விடுவார்கள். அதிலே அரசியலைப் பேசிய இசைத்தட்டுகளில் முக்கியமானது, 'தி கிளாஷ்' என்ற லண்டன் குழுவின் முதல் தட்டு. தட்டின் பெயரும் 'தி கிளாஷ்'தான். 1977 ஏப்ரல் 8-ல் வெளிவந்தது. 14 பாட்டு, மொத்தம் 35 நிமிஷம். நம்ம ஒரு பீரியடுக்குள் முழுசும் கேட்டு முடித்துவிடலாம்!

அப்போது பிரிட்டன் இருந்த நிலைமை தெரிந்தால்தான் இந்தத் தட்டு புரியும். ஒரு காலத்தில் உலகத்தையே ஆண்ட நாடு, 1976-ல் சர்வதேச நிதியத்திடம் கடன் கேட்டுப் போய் நின்றது. வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 16 வயசில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த பையன்களுக்கு, அரசாங்கம் கொடுக்கும் வேலையில்லாப் படிக்காக வரிசையில் நிற்பதுதான் முதல் 'உத்தியோகம்'. ரேடியோவைத் திருப்பினாலோ பெரிய பெரிய ராக் நட்சத்திரங்கள், இருபது நிமிஷப் பாட்டு, லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகள். அந்தப் பையனுக்கும் இந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கிளாஷ் அந்த வரிசையைப் பற்றியே பாடினார்கள். தட்டில் 'கேரியர் ஆப்பர்ச்சுனிட்டீஸ்' என்று ஒரு பாட்டு. 'வேலை வாய்ப்புகள்' என்று அர்த்தம். ராணுவம், போலீஸ், பஸ் ஓட்டுவது, டிக்கெட் பரிசோதகர், பி.பி.சி.யில் டீ போடுவது என்று வரிசையாகக் கிடைக்கிற வேலைகளைச் சொல்லி, எல்லாமே நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏறாமல் வைப்பதற்குத்தான் என்று கிண்டல் செய்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. போலீஸ் வேலையும் பஸ் டிரைவர் வேலையும் வேண்டாமாம்! எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அரசு பஸ்ஸில் எனக்கு டிரைவர் வேலை கிடைத்தால் அப்பா ஊருக்கே சோறு போடுவார்.

ஆனால் எழுதியவர்களைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு கொஞ்சம் விளங்கியது. கிட்டார் வாசித்த மிக் ஜோன்ஸ் பாட்டியிடம் வளர்ந்தவர். லண்டனில் ஒரு அடுக்குமாடியின் உச்சியில் குடித்தனம். அரசாங்க உதவித்தொகை அலுவலகத்தில் வேலைக்கு இருந்தபோது, தபால் பிரிக்கும் வேலை இவர் தலையில் விழுந்தது. ஐரிஷ் தீவிரவாதிகள் தபாலில் குண்டு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது! கடைநிலை ஆள்தானே, வெடித்தால் வெடிக்கட்டும் என்ற கணக்கு. பாட்டில் தபால் குண்டைப் பற்றி வரும் வரி கற்பனை இல்லை. வேலை செய்ய மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. எந்த வேலைக்கு யார் என்பதை முன்கூட்டியே எவனோ முடிவு செய்துவிட்டான் என்கிறார். இது எனக்குப் புரிகிறது. கூடப் பாடிய ஜோ ஸ்ட்ரம்மர், வெளியுறவுத் துறை அதிகாரியின் மகன், போர்டிங் ஸ்கூலில் படித்தவர். அவர் வேண்டாம் என்று சொல்வதைவிட ஜோன்ஸ் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன்!

'ஒயிட் ரயட்' என்ற பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'வெள்ளைக் கலவரம்' என்ற தலைப்பைப் பார்த்து, வெள்ளையர் வெறி பிடித்த பாட்டு என்று சிலர் நினைத்துவிட்டார்கள். விஷயமே வேறு. 1976 ஆகஸ்டில் லண்டன் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீசுக்கும் மோதல். ஸ்ட்ரம்மரும் பாஸ் கிட்டார் வாசித்த பால் சிமனனும் அங்கே கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள், நம்ம வெள்ளைப் பசங்க ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் பாட்டு. சந்தேகம் இருந்தவர்களுக்கு 1978 ஏப்ரல் 30-ல் பதில் கிடைத்தது. நிறவெறிக்கு எதிராக லண்டன் விக்டோரியா பார்க்கில் நடந்த கூட்டத்தில், பல ஆயிரம் பேர் முன்னால் கிளாஷ் பாடினார்கள்.

சரி, கருத்து மட்டும் சொன்னால் பசங்க கேட்பார்களா? சத்தம்தான் இழுத்தது. ஆம்ப்ளிஃபயருக்குத் தாங்கும் அளவுக்கு மேல் சிக்னல் கொடுத்தால் சைன் வேவின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிடும். லேபில் சி.ஆர்.ஓ.வில் இது தெரிந்தால் "கிளிப்பிங், கெயினைக் குறைடா" என்பார்கள். ராக் கிட்டாருக்கு அந்தத் 'தப்பு'தான் வேண்டும்! வெட்டுப்பட்ட அலையில் ஹார்மோனிக்ஸ் கூடும். சத்தம் கரகரவென்று தடிமனாகும். அந்த நிலையில் பல சுரங்களைச் சேர்த்து அடித்தால் கூழாகிவிடும். ஆகவே ஸ, ப இரண்டு மட்டும். அலைவெண் விகிதம் 2:3, நம்ம தம்புராவில் வரும் அதே ஜோடி. இதற்குப் பெயர் 'பவர் கார்ட்'. விரலை ஒரே மாதிரி வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் போதும். பங்க் பாட்டுகளில் இதை நிறையக் கேட்கலாம். பத்து வருஷ சாதகம் வேண்டாம், பத்து நாள் போதும். சிமனனுக்கு பாஸ் வாசிக்கவே தெரியாது. எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று கிட்டார் மேலேயே பெயின்ட்டால் எழுதிவைத்து வாசித்தார். மேடையில் நிற்பவனே இப்படி என்றால், கீழே நின்று பார்க்கிற பையனுக்கு "நாமும் செய்யலாமே" என்று தோன்றாதா?

தட்டைப் பதிவு செய்ததும் அப்படித்தான். மூன்று வார இறுதிகளில், சுமார் 4,000 பவுண்டு செலவில் முடித்தார்கள். ஆனால் பதிவு செய்தது சி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனிக்காக, 1 லட்சம் பவுண்டு ஒப்பந்தத்தில்! கையெழுத்துப் போட்ட அன்றே பங்க் செத்துவிட்டது என்று மார்க் பெர்ரி சொன்னார். பேங்க் கிளார்க் வேலையை விட்டுவிட்டு பங்க் பத்திரிகை நடத்தியவர் அவர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் பெரிய கம்பெனி போட்டதால்தானே சின்ன ஊர்ப் பையன் கைக்கும் தட்டு போய்ச் சேர்ந்தது?

அமெரிக்க சி.பி.எஸ்.ஸோ, சத்தம் ரொம்பக் கரடுமுரடு என்று வெளியிடவே மறுத்துவிட்டது. அங்குள்ள பசங்க விடவில்லை. இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான தட்டுகளையே 1 லட்சத்துக்கு மேல் வாங்கித் தள்ளினார்கள். கடைசியில் 1979-ல், சில பாட்டுகளை மாற்றி, அங்கேயும் வெளியிட்டார்கள்.

கேட்டுப்பார்க்க நினைப்பவர்கள் 'கேரியர் ஆப்பர்ச்சுனிட்டீஸ்' பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு நிமிஷம்கூட இல்லை. ஹெட்போன் அவசியம், வார்டன் ரூம் பக்கத்தில்தான் இருக்கிறது!