கஞ்சித் தொட்டியில் பிறந்த மருத்துவமனை

வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்குள்ள பெரியவர்கள் சிலர் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். மருத்துவமனைக்கும் கஞ்சிக்கும் என்ன தொடர்பு? வாருங்கள், பார்ப்போம்.

1780-ஆம் ஆண்டு. மைசூர் மன்னர் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. சென்னையைச் சுற்றிய ஊர்களில் வயல்கள் அழிந்தன, உழவு நின்றது. பஞ்சம் வந்தது. பசியால் வாடிய மக்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடி வந்தனர்.

அவர்களுக்காக 1782-இல் ஒரு சத்திரம் தொடங்கப்பட்டது. தொட்டியில் கஞ்சி ஊற்றி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அதுதான் மணியக்காரர் சத்திரம். ஊர்த் தலைவரை மணியக்காரர் என்பது வழக்கம். ஆங்கிலேயர் வாயில் அந்தப் பெயர் 'மொனிகர்' ஆகிவிட்டது!

பஞ்சம் தீர்ந்தது. ஆனால் சத்திரத்தை மூடவில்லை. ஏன் தெரியுமா? போக வீடில்லாத முதியோரும், உழைக்க முடியாதவர்களும் இருந்தார்களே! அவர்களில் பலர் நோயாளிகள். பசிக்குக் கஞ்சி போதும். காய்ச்சலுக்கு மருந்து வேண்டாமா?

1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். பின்னர் அது சத்திரத்தோடு இணைந்தது. கஞ்சியும் மருந்தும் ஒரே இடத்தில் கிடைத்தன.

பட்டணமும் வளர்ந்தது. 1856-இல் பக்கத்திலேயே ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. துறைமுகமும் வந்தது. மூட்டை தூக்கிய கைகளும், தண்டவாளம் போட்ட கைகளும் காயம்பட்டால் எங்கே போவது? மருத்துவமனை அருகிலேயே இருந்தது.

மருத்துவர்களை உருவாக்கும் கல்வியும் அங்கே தொடங்கியது. 1938-இல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் அது. மணியக்காரர் சத்திரமோ 21-ஆம் நூற்றாண்டிலும் ஆதரவற்ற முதியோருக்கு இல்லமாக இருந்து வருகிறது.

ஒரு நகரம் எப்படி வளர்கிறது? கோட்டையாலும் துறைமுகத்தாலும் மட்டுமா? பசித்து வந்தவரை விரட்டாமல், உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றியதாலும்தான்!

உங்கள் ஊரிலும் பழைய சத்திரம் இருக்கலாம். அதைக் கட்டியவர் யார், யாருக்காகக் கட்டினார் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். செய்வீர்கள்தானே?