சிவப்பு மையில் எழுதிய உறவு

ஜப்பானிய ஆசிரியர் ஒருவர், சீன மாணவர் ஒருவர். பிரிந்த பிறகு இருவருக்கும் இடையே ஒரு கடிதப் போக்குவரத்துகூட இல்லை. ஆனாலும் நூறாண்டு தாண்டி இன்றும் இரண்டு நாடுகளிலும் பேசப்படுகிறது அந்த உறவு.

1904 செப்டம்பரில் ஜப்பானின் வடகிழக்கே உள்ள செண்டாய் நகரத்து மருத்துவப் பள்ளியில் ஒரு சீன இளைஞர் சேர்ந்தார். பெயர் ஜோ ஷூரென், வயது 22. சிறு வயதில் தந்தையை நோய்க்குப் பறிகொடுத்தவர். பழைய வைத்தியர்கள் கேட்ட அபூர்வ மருந்துகளைத் தேடி அலைந்தும் தந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவம் படித்து ஊர் திரும்பி, தன் தந்தையைப் போல் ஏமாந்துபோகும் நோயாளிகளைக் குணப்படுத்த வேண்டும் என்பதுதான் அவர் கனவு. இவரே பின்னாளில் லூ சுன் என்ற புனைபெயரில், நவீனச் சீன இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்பட்டவர்.

அந்தப் பள்ளியில் சீனர் அவர் ஒருவர்தான். காலமும் சரியில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னர்தான் சீனாவைப் போரில் தோற்கடித்திருந்தது ஜப்பான். இப்போது ரஷ்யாவுடன் போர் நடந்துகொண்டிருந்தது. வெற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ஊரே கொண்டாடியது. தோற்ற நாட்டிலிருந்து வந்து, மொழியும் முழுதாகக் கைவராத ஒரு மாணவன் அந்த வகுப்பில் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துப் பார்க்கலாம்.

வாரந்தோறும் திரும்பி வந்த நோட்டு

உடற்கூற்றியல் நடத்தியவர்களில் ஒருவர் ஃபுஜினோ கென்குரோ. மாணவரைவிட ஏழு வயதுதான் மூத்தவர். ஒல்லியான உடம்பு, கறுத்த முகம், மீசை, கண்ணாடி. கை நிறையப் புத்தகங்களோடு வகுப்புக்கு வந்து, நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு பேசுவார். உடையில் கவனமே கிடையாது. டை கட்டக்கூட மறந்துவிடுவார். குளிர்காலத்தில் நைந்த மேலங்கியோடு ரயிலில் ஏறியவரைப் பார்த்து, ஜேப்படித் திருடனோ என்று சந்தேகப்பட்ட நடத்துநர், பைகள் பத்திரம் என்று மற்றப் பயணிகளை எச்சரித்ததாக மாணவர்களிடையே ஒரு கதை உலவியது.

வகுப்புகள் தொடங்கிச் சில நாள் கழித்து அவர் அந்தச் சீன மாணவரைத் தன் அறைக்கு அழைத்தார். மண்டை ஓடுகளும் எலும்புகளும் சூழ உட்கார்ந்திருந்தவர், பாடத்தைக் குறிப்பெடுக்க முடிகிறதா என்று கேட்டார். ஓரளவு முடிகிறது என்றார் மாணவர். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தார். இனி வாரம் ஒரு முறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

திறந்து பார்த்த மாணவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை சிவப்பு மையில் திருத்தம். விட்டுப்போன பாடக் குறிப்புகள் சேர்க்கப்பட்டிருந்தன. ஜப்பானிய மொழி இலக்கணப் பிழைகள்கூட ஒன்றுவிடாமல் திருத்தப்பட்டிருந்தன. எலும்பு, ரத்தக்குழாய், நரம்பு என்று அவர் நடத்திய பகுதிகள் முடியும் வரை ஒவ்வொரு வாரமும் இது தொடர்ந்தது.

முன்கை ரத்தக்குழாய்ப் படம் ஒன்றை அழகுக்காகச் சற்றே நகர்த்தி வரைந்துவிட்டார் மாணவர். ஃபுஜினோ கூப்பிட்டுக் காட்டினார். இப்படி வரைந்தால் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உடம்புக்குள் இருப்பதை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று மென்மையாகச் சொன்னார். மாணவர் வாயால் ஒப்புக்கொண்டாலும், படம் நன்றாகத்தானே இருக்கிறது என்று மனசுக்குள் முரண்டு பிடித்தார். இதை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதன் அருமை பிறகுதான் விளங்கும் என்பது எல்லா வகுப்பறைகளுக்கும் பொது.

59.3 மதிப்பெண்

ஆண்டுத் தேர்வு முடிவு வந்தது. ஜோ ஷூரென் நடுவாந்தரமாகத் தேறியிருந்தார். 142 பேரில் 68ஆவது இடம். உடனே புரளி கிளம்பியது. நோட்டில் சிவப்பு மையால் குறி போட்டு, தேர்வில் வரும் கேள்விகளை ஃபுஜினோ முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிட்டார் என்றார்கள் சில மாணவர்கள். வந்து நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பெயர் போடாத கடிதம் ஒன்றும் வந்தது. பலவீனமான நாட்டிலிருந்து வந்தவன் சொந்தத் திறமையில் தேற முடியாது என்பதுதான் அந்தச் சந்தேகத்தின் அடிவேர். அந்த வலி லூ சுன் மனசில் கடைசி வரை ஆறவில்லை.

மதிப்பெண் பட்டியல் இன்றும் இருக்கிறது. உடற்கூற்றியலில் அவர் பெற்றது 59.3. தேர்ச்சிக்குச் சற்றே குறைவு. அத்தனை பக்கம் திருத்திக் கொடுத்த ஆசிரியரின் பாடத்தில்தான் அந்த மாணவர் தவறியிருக்கிறார். புரளிக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. அந்த ஆசிரியரின் மனசும் இதில் தெரிகிறது. பாடத்தைப் புரியவைக்க எவ்வளவு நேரமும் கொடுத்தவர், விடைத்தாளில் அரை மதிப்பெண்கூடச் சலுகை தரவில்லை. வெளிநாட்டுக்காரன் பாவம் என்று இரக்கப்பட்டு மதிப்பெண் போடுவதும் ஒரு வகையில் அவனைத் தாழ்வாக நினைப்பதுதான். ஃபுஜினோ தன் மாணவரை அப்படி நினைக்கவில்லை.

சுவரில் இருந்த படம்

இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியல் வகுப்பில், பாடம் முடிந்து நேரம் மிஞ்சினால் போர்க் காட்சிப் படங்களைத் திரையில் காட்டுவார்கள். ரஷ்யாவுக்கு உளவு சொன்னதாக ஒரு சீனரைக் கொல்வதையும், சுற்றி நின்று சீனர்களே வேடிக்கை பார்ப்பதையும் லூ சுன் அப்படி ஒரு படத்தில் பார்த்தார். வகுப்பு ஆரவாரம் செய்தது. உடம்பைக் குணப்படுத்தினால் போதாது, மனங்களை மாற்ற வேண்டும், அதற்கு இலக்கியமே வழி என்று முடிவெடுத்ததாகப் பின்னர் எழுதினார்.

1906இல் மருத்துவத்தைக் கைவிட்டுக் கிளம்பும் முன் ஃபுஜினோவிடம் போய்ச் சொன்னார். ஆசிரியர் முகம் வாடியதைக் காணப் பொறுக்காமல், உயிரியல் படிக்கப் போகிறேன், நீங்கள் கற்றுக்கொடுத்தது உதவும் என்று ஒரு பொய்யும் சொன்னார். புறப்படுமுன் வீட்டுக்கு வரவழைத்து, பிரிவின் வருத்தத்தைப் பின்புறம் எழுதித் தன் புகைப்படத்தைக் கொடுத்தார் ஃபுஜினோ. உன் படத்தையும் அனுப்பு, அவ்வப்போது கடிதம் போடு என்றார்.

மாணவர் படமும் அனுப்பவில்லை, கடிதமும் போடவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான நிலையில் இல்லை, எழுதினால் ஆசிரியருக்கு ஏமாற்றம்தான் என்று தள்ளிப்போட்டார். வருஷங்கள் ஓட ஓட எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் போயிற்று. வெளிநாட்டுக்குப் போன எத்தனையோ மாணவர்கள் தங்கள் ஆசிரியருக்கு எழுதாமல் போவது இப்படித்தான். எழுதவில்லை என்பதால் மறந்துவிட்டார்கள் என்று ஆகாது.

பெய்ஜிங்கில் அவர் தங்கிய வீட்டில், எழுதும் மேஜைக்கு எதிர்ச் சுவரில் அந்தப் படம் இருந்தது. இரவில் களைத்துப்போய்ப் பேனாவைக் கீழே வைக்கத் தோன்றும்போது, விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்ப்பார். பழைய ஏற்ற இறக்கத்தோடு ஏதோ பேசப்போவது போலத் தோன்றும். மீண்டும் எழுத உட்கார்ந்துவிடுவார். இதையெல்லாம் 1926இல் 'ஃபுஜினோ ஆசிரியர்' என்ற கட்டுரையில் எழுதினார். சீனப் பள்ளிப் பாடநூல்கள் வழியே தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்த கட்டுரை அது.

கிராமத்து டாக்டர்

ஃபுஜினோவுக்கு இது எதுவும் தெரியாது. 1915இல் மருத்துவப் பள்ளி பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்தபோது, உரிய பட்டம் இல்லை என்று அவர் பதவி போயிற்று. பிறகு ஃபுகுய் மாகாணத்தில் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி, கிராமத்து மக்களுக்கு வைத்தியம் பார்த்து வாழ்ந்தார்.

1935இல் லூ சுன் படைப்புகள் ஜப்பானிய மொழியில் தொகுப்பாக வந்தன. எதைச் சேர்க்கலாம் என்று மொழிபெயர்ப்பாளர் மசுதா வதாரு கேட்டபோது, உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள், 'ஃபுஜினோ ஆசிரியர்' மட்டும் கட்டாயம் இருக்கட்டும் என்று சொன்னார் லூ சுன். புத்தகம் எப்படியாவது ஆசிரியர் கண்ணில் படும் என்ற ஆசை. பதில் வருமுன், 1936 அக்டோபர் 19 அன்று ஷாங்காயில் காலமானார். வயது 55.

அதன் பிறகு ஃபுஜினோவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மாணவரைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்பு 1937இல் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. படத்தை எப்போது கொடுத்தேன் என்றே நினைவில்லை என்கிறார் அதில். நோட்டைக் கொஞ்சம் பார்த்துக் கொடுத்ததற்கா இவ்வளவு பெரிய நன்றி என்று வியக்கிறார். சிறு வயதில் தனக்குச் சீனச் செவ்விலக்கியம் கற்றுக்கொடுத்த ஒருவரையும் நினைவுகூர்கிறார். அதனால் சீனப் பெரியோர்மீது மதிப்பு வந்தது, அந்நாட்டு மக்களையும் மதிக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான் என்கிறார். சீனரை ஏளனமாகப் பேசுவது சகஜமாக இருந்த காலத்தில், தனக்கு வாய்த்த ஓர் ஆசிரியரிடம் பெற்றதைத்தான் அவர் ஜோ ஷூரெனுக்குக் கொடுத்திருக்கிறார்.

அதே 1937இல் ஜப்பான் சீனாவின்மீது முழுப் போர் தொடுத்தது. 1945 ஆகஸ்ட் 11 அன்று ஃபுஜினோ மறைந்தார். நான்கு நாளில் ஜப்பான் சரணடைந்தது. வீடு மாறும்போது தொலைந்துபோனதாக லூ சுன் வருந்திய அந்த நோட்டுகள், 1951இல் அவர் சொந்த ஊரான ஷாவோசிங்கில் கிடைத்தன. பெய்ஜிங் லூ சுன் அருங்காட்சியகத்தில் சிவப்பு மைத் திருத்தங்களோடு இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஃபுஜினோவின் ஊரான அவாராவும் ஷாவோசிங்கும் 1983இல் நட்பு நகரங்களாயின. செண்டாயில் லூ சுன் படித்த வகுப்பறையையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு அரசுகள் பகைத்து நின்ற காலத்திலும் இந்த உறவு அறுபடவில்லை என்றால், காரணம் வாரம் தவறாத அந்த உழைப்புதான். ஃபுஜினோ தன் மாணவருக்கு நாட்டைப் பற்றியோ நட்பைப் பற்றியோ உபதேசம் செய்யவில்லை. வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தவனைக் கவனித்தார். பாடம் புரிகிறதா என்று கேட்டார். பதிலோடு நிற்காமல் நோட்டை வாங்கிப் பார்த்தார். வேற்றூரிலிருந்தும் வேற்று மொழியிலிருந்தும் வந்த ஒரு மாணவராவது இன்று எல்லாக் கல்லூரி வகுப்பிலும் இருப்பார். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எந்த ஆசிரியருக்கும் பட்டமோ பதவியோ பெரிதாகத் தேவையில்லை. அந்த மாணவர் பின்னாளில் யாராவார் என்பதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஃபுஜினோவுக்கும் தெரியாது.