ஆட்டத்தில் ஆராய்ச்சி என்றால் என்ன?

நடனத்தில் முதுகலை சேரப்போகிறேன் என்று கொடைரோட்டில் ஒரு பெண் சொன்னால், "ஆடத்தான் தெரியுமே, அதுல படிக்க என்னம்மா இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். நிறையவே இருக்கிறது.

பரதக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் சொல்லும் 108 கரணங்கள் எனும் ஆட்ட அலகுகளை. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்களுக்குச் சிற்பம் உண்டு. மிச்சக் கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. சிதம்பரம் கோபுரங்களில் 108-ம் இருக்கின்றன. ஆனால் கல் ஒரு கணத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. கால் எங்கிருந்து கிளம்பியது, கை எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தது என்று அது சொல்லாது. பத்மா சுலோகத்தைப் படித்தார், சிற்பத்தோடு ஒப்பிட்டார், பிறகு ஆடிப் பார்த்தார். கரணம் அசையாத நிலை அல்ல, முழு அசைவு என்ற முடிவு அப்படி வந்தது. கோட்பாடு, ஆய்வுமுறை, பயிற்சி என்று பாடத்திட்டம் மூன்றாகப் பிரித்தாலும் வேலை ஒன்றுதான்.

கோயிலும் நூலும் இருந்தால்தான் ஆய்வு என்றில்லை. பக்கத்தில் திண்டுக்கல்லிலேயே சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு இருக்கிறது. தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி, அடித்துக்கொண்டே ஆடுகிறார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படமே எடுத்தார். அவர் பறை அடிக்கவும் கற்றுக்கொண்டவர். அதுவும் ஓர் ஆய்வுமுறைதான். இரண்டு குச்சியும் கையில், கருவியின் கனம் தோளில், அடவு காலில்: இவை மூன்றும் சேரும்போது மூச்சு எங்கே வாங்குகிறது என்பது உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் சாவு வீட்டோடு ஒதுக்கப்பட்ட கருவியை அந்தப் பெண்கள் மேடையில் நிமிர்ந்து நின்று அடிப்பதன் பொருளையும் ஆய்வாளர் எழுதியாக வேண்டும். பரதத்துக்குக் கிடைக்கும் வகுப்பறை மரியாதை, பறையடித்து ஆடும் இந்தத் தப்பாட்டத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்வில் பார்த்த அசைவைத் தாளில் எழுத, 1928-இல் நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபான் வெளியிட்ட குறியீட்டு முறை உதவும். திருச்சி கலைக்காவிரி போன்ற நுண்கலைக் கல்லூரிகளில் சேரும் முன்பே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊர்த் திருவிழாவில் ஆடும் மூத்த கலைஞரிடம் அனுமதி கேட்டு, அவர் ஆட்டத்தைப் படம் பிடியுங்கள். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் படத்தை ஓடவிட்டு, எந்த அடியை எதற்குப் போட்டார் என்று கேளுங்கள். பதிலை அவர் வார்த்தையிலேயே, அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு, எழுதிக்கொள்ளுங்கள்.